பேர் போடாத பக்கங்கள்

பழைய காமிக்ஸ் புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் நான் உடனே கதைக்குள் போவதில்லை. முதலில் அட்டையின் உட்பக்கம். அப்புறம் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடும் அச்சக வரி. இந்திய விலையை அடித்துவிட்டு யாராவது பேனாவால் இலங்கை விலை எழுதியிருக்கிறார்களா, கடை முத்திரை விழுந்திருக்கிறதா, பையன் ஒருவன் தன் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி வைத்திருக்கிறானா என்று தேடுவேன். நடுப்பக்கத்துக் கம்பி துருப்பிடித்திருந்தால் கறை எதுவரை இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் கட்டத்தில் கண் வைப்பேன். கதையை வேறு எந்தப் பிரதியிலும் படித்துக்கொள்ளலாம். நோர்வூட்டில் ஒரு லயத்துக் காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்குக் கைமாறி, ஓரம் தேய்ந்து, அடுப்புப் புகை ஏறிய பிரதி உலகத்திலேயே ஒன்றுதான். அது என்ன சொல்கிறதோ அதை வேறெந்தப் பிரதியும் சொல்லாது.

ஹட்டனில் இருந்துகொண்டு காமிக்ஸ் படைப்பாளிகளைப் பற்றியும் அவர்களைப் படித்தவர்களைப் பற்றியும் கட்டுரைகள் எழுதுகிறேன். அவற்றைச் சிறு நூல்களாக நானே அச்சிட்டு வெளியிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நாளில் தொடங்கிய வேலை, ஓய்வுபெற்ற பிறகு முழுநேர வேலையாகிவிட்டது. 2023இல் மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்தபோது நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எழுதப்படாத துயரம் மலை மலையாகக் கிடக்கையில் படக்கதைப் புத்தகத்தின் வரலாறு எதற்கு? கேட்க வேண்டிய கேள்விதான். வாசிகசாலை இல்லாத தோட்டத்தில், யாரும் சொல்லாமல், பரீட்சைக்காக அல்லாமல், ஒரு பிள்ளை தன் ஆசையால் மட்டும் கையில் எடுத்த முதல் புத்தகம் பெரும்பாலும் இதுதான். இந்த மக்கள் எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தார்கள், எவ்வளவு சம்பளம் வாங்கினார்கள் என்று துரைமாரின் கணக்குப் புத்தகமே சொல்லும். மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எதைப் படித்துச் சிரித்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது. அதை எழுத ஆள் வேண்டும்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அட்டை போன ‘இரும்புக்கை மாயாவி’ ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர், ஓரிடத்தில் நிறுத்தினார். ஆள் மறைந்து, உருக்குக் கை மட்டும் காற்றில் நீண்டு வரும் படம்.

“சேர், இந்தக் கையப் பாருங்க. வெறும் கோடுதான். ஆனா கனம் தெரியுது. இத யாரு வரஞ்சது?”

சொன்னேன். ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சலோனாக்காரர். 1919இல் பிறந்து 1995இல் காலமானவர். சகோதரர்களும் ஓவியர்கள், அவருக்குத் துணையாக வரைந்தவர்கள். லண்டனில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபர் 6ஆம் திகதி தொடங்கியபோது, அதன் முதல் இதழிலேயே இந்தக் கதையும் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். பிறகு டாம் டுல்லி எழுதினார். ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேல், உருக்குக் கை பொருத்திக்கொண்டு, மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடும் மனிதனாகிறான் என்ற கற்பனை பல்மருடையது. அந்தக் கைக்குக் கனம் கொடுத்தது பிளாஸ்கோவின் தூரிகை.

பெரியவர் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“எங்கயும் இல்லியே சேர். இவ்ளோ வேல செஞ்ச மனுசனுக்குப் பேர் போடலியா?”

பிரட்டுக் களத்தில் காலை நின்று, மாலையில் கொழுந்து நிறுத்து, அன்றைய வேலைக்குப் பேர் விழுந்ததா என்று செக்ரோலைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவரின் கேள்வி அது. என் எழுத்து முறையை மாற்றியதும் அதுவே. அதற்குப் பிறகு என்னுடைய எந்தக் கட்டுரையும் நாயகனோடு தொடங்குவதில்லை. எழுதியவர், வரைந்தவர், தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று கிடைத்த பெயர்கள் முதல் பத்தியிலேயே வந்துவிடும். பெயர் கிடைக்காத இடத்தில் அந்த வேலையைக் குறிப்பிட்டு, செய்தவர் பெயர் அச்சாகவில்லை என்றும் எழுதிவிடுவேன். வெற்றிடத்தையும் பதிவு செய்தால்தான் நாளைக்கு ஒருவர் வந்து அதை நிரப்புவார்.

பிரிட்டனின் அந்தக் காலத்துச் சிறுவர் வார இதழ்களில் பெரும்பாலானவை படைப்பாளிகளின் பெயரை அச்சிட்டதே இல்லை. படங்களில் பல ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் முகவர்கள் மூலம் வரும். கையொப்பம் இருந்தால் அதையும் அழித்துவிடுவார்கள். 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழ் பெயர்களைப் போடத் தொடங்கிய பிறகே அந்த வழக்கம் உடைந்தது. ஆகவே அதற்கு முந்திய ஓவியங்களை யார் வரைந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலை. நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தை யாரும் பார்த்து வரைந்துவிடலாம். காது, விரல் நகம், முழங்கையில் விழும் சட்டை மடிப்பு, கதவிடுக்கில் இருந்து வரும் வெளிச்சத்தின் ஓரம் இவற்றில்தான் ஓவியனின் கைப்பழக்கம் தப்பாமல் நிற்கும். பிளாஸ்கோவின் நிழலில் தூரிகை பாதி உலர்ந்து இழுபட்டிருக்கும். கறுப்பு ஒரேயடியாக அப்பிக் கிடக்காது, மூச்சு விடும். மட்டமான தாளில், தேய்ந்த அச்சில் வந்த தமிழ்ப் பதிப்பில்கூட அது தெரிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

இதைவிட நெஞ்சைத் தொட்ட கதை ஸ்பைடருடையது. சிலந்தி மனிதன் வேறு, இவர் வேறு. நியூயோர்க்கின் குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பிறகு நீதிக்காவலனான ஸ்பைடர், 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் பிறந்தவர். ஓவியர் ரெக் பன். தொடங்கி வைத்தவர் டெட் கோவன். அவருக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான். 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டொலருக்கு இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் வழக்காடினார்கள், தோற்றார்கள். 1975இல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும், சூப்பர்மேன் கதைகளில் படைப்பாளர் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. இடையில், அறுபதுகளில், பெயர் போடாத ஒரு பிரிட்டிஷ் இதழுக்கு அவர் எழுதிய கதைகள், எண்பதுகளில் தமிழில் அச்சாகி, கடல் தாண்டி, பொகவந்தலாவையில் ஒரு சிறுவனைத் தூங்கவிடாமல் செய்தன. அவனுக்கு சூப்பர்மேன் தெரியும், ஸ்பைடரும் தெரியும். இரண்டையும் எழுதிய ஒரே மனிதரைத் தெரியாது. அந்த மனிதரை அவனுக்கு அறிமுகம் செய்து வைப்பதைவிட மகிழ்ச்சியான வேலை எனக்கு வாய்த்ததில்லை.

தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம். சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸை மாடஸ்டி பிளைசியோடு தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. ஆசிரியர் அ.மா. சாமி. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் நின்றது. முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன. இந்த வரிகளை எந்தத் தமிழ்க் காமிக்ஸ் அன்பரும் தூக்கத்தில் சொல்வார். தமிழ்நாட்டில் கிங் விஸ்வா போன்றவர்கள் இந்த வரலாற்றைத் தேடித் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். விஜயனே ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்ற தொடரில் தன் பதிப்பு அனுபவங்களை எழுதியிருக்கிறார். ஒரு பதிப்பாளர் தன் வாயால் சொன்ன வரலாறு என்பதால் அது பெரிய சொத்து. நான் எழுத வேண்டியது அவர்கள் எழுதாத பகுதியை.

அந்தப் பகுதி எதுவென்றால், அச்சான ஆண்டுக்கும் மலையில் வாசித்த ஆண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி.

1972 என்றால் தமிழ்நாட்டுக் காமிக்ஸ் வரலாற்றில் விடியல். ஹட்டனில் அதே 1972 எப்படி இருந்தது? 1970இலிருந்து 1977வரை இருந்த ஆட்சியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஈழத்து எழுத்தும் பதிப்பும் வளர அது கைகொடுத்தது என்பது உண்மை. அதே சமயம், சிவகாசியின் பொற்காலம் எங்கள் கடைத்தெருவுக்கு வரவில்லை என்பதும் உண்மை. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நடுவில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தது. மாவுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1964இல் இந்தியாவுக்கென எண்ணிக் குறித்த 525,000 பேரில் ஏராளமானோர் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் உள்ள எழுபதுகளின் பிரதி ஒன்றின் உள்ளட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் நீல மையில். அதன் கீழே வேறு கையெழுத்தில் இன்னொரு பெயர், பக்கத்தில் ‘கப்பல் ஏறும்போது தந்தது’ என்று ஒரு வரி. அந்தப் புத்தகம் இந்தியாவிலிருந்து எப்படியோ இங்கே வந்து சேர்ந்தது. அதன் சொந்தக்காரன் இங்கிருந்து இந்தியாவுக்குப் போய்விட்டான்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்ததும் கடைகளில் சஞ்சிகைகள் மீண்டும் தொங்கின. மலையகத்தில் பெருவாரியான பிள்ளைகளுக்கு மாயாவி அப்போதுதான் அறிமுகம். சிலருக்கு எண்பதுகளில். அடுத்து 1983 ஜூலை வன்செயல். மறு ஆண்டு கப்பலும் நின்றுபோனது. லயனும் ராணியும் பிறந்த 1984ஐ நான் எழுதும்போது இதையும் அதே பக்கத்தில் எழுதுகிறேன். கொழும்பு வழியாக வந்த கட்டுகள் எப்போது ஹட்டன் ரயிலடியில் இறங்கின, எப்போது இறங்கவில்லை என்பதே எங்கள் காமிக்ஸ் வரலாற்றின் அத்தியாயப் பிரிவு. சிவகாசியின் நாட்காட்டியை எடுத்து அப்படியே இங்கே மாட்டினால் அது பொய்யாகிவிடும்.

வாசகர்களிடம் பேசிப் பதிவு செய்வதில் நான் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ‘எந்தக் கதை பிடிக்கும்’ என்று கேட்கமாட்டேன். அதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். புத்தகம் யாரிடமிருந்து வந்தது, திருப்பிக் கொடுத்தீர்களா, கிழித்தது யார், வீட்டில் யார் உரக்கப் படித்தார்கள், எழுத்துத் தெரியாதவர்கள் எந்தப் படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார்கள் என்று கேட்பேன். அப்போது மனிதர்கள் வருவார்கள். பள்ளிக்கூடம் போகாத அக்கா ஒருவர் படங்களை மட்டும் பார்த்துத் தன் போக்கில் ஒரு கதை சொல்ல, தம்பிமார் எழுத்தில் உள்ள கதையை விட்டுவிட்டு அதைக் கேட்ட வீடும் உண்டு. அவரும் என் கணக்கில் ஒரு கதாசிரியர்தான். ஆண்டு மட்டும் நினைவிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரே மாயாவி கதை முத்துவில் வந்து, பிறகு மறுபதிப்பாக வேறு வரிசையில், வேறு அட்டையோடு வந்திருக்கும். மனத்தில் எல்லாம் ஒன்றாகவே பதிந்திருக்கும். ‘நான் மூன்றாம் வகுப்பில் படித்தது’ என்று சொன்னால் அந்த வகுப்பை எழுதிக்கொண்டு, பிரதியின் அட்டையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆண்டைப் போடுவேன்.

இதழ்களில் வந்த வாசகர் கடிதங்களும் எனக்குப் புதையல். கடிதத்தின் கீழே ஊர்ப் பெயர் இருக்கும். அந்த ஊர்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் எந்த மலைவரை புத்தகம் ஏறியது என்று தெரிந்துவிடும்.

மலைநாட்டில் தாளுக்கு எதிரி ஈரம். தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் வெயில் என்பதே விருந்தாளி. மட்டத்தாள் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடித்துவிடும். பரணில் அடுப்புப் புகையோடு இருந்த பிரதிகள் மஞ்சளாகியிருந்தாலும் பூஞ்சணம் இல்லாமல் இருக்கும், அலுமாரியில் பூட்டி வைத்தவை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க அவசரப்படவே கூடாது. அச்சு மை இல்லாத வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து, காற்றோட்டமான நிழலில், மெல்லிய பாரத்துக்குக் கீழே விட்டுவிட வேண்டும். வெயிலில் காய வைத்தால் தாள் முறியும். துருக்கம்பியை மெல்லக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைப்பேன். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பாகி எழுத்தையே தின்றுவிடும். பிரதி எடுக்கும்போது கோட்டோவியத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் எடுக்கிறேன். அதற்குக் குறைந்தால் பிளாஸ்கோவின் உலர்ந்த தூரிகைத் தடம் சாம்பல் கறையாகிவிடுகிறது. உள்ளட்டைக் கிறுக்கல்களையும் அப்படியே எடுக்க வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை அழித்துவிட்டால் வரலாறே போய்விடும்.

வெளியிடுவது எழுதுவதைவிடக் கடினம். 2022 மார்ச்சில் நாட்டில் தாள் இல்லாமல் பள்ளிப் பரீட்சைகளே தள்ளிப்போயின, சில பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. அந்தக் காலத்தில் நூலின் பக்கங்களைக் குறைத்தேன், படங்களைக் குறைக்கவில்லை. ஓவியனைப் பற்றி எழுதிவிட்டு அவன் கோட்டைக் காட்டாமல் விடுவது அவனுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் காட்டுவதற்கும் ஒழுங்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனத்துக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. நான் பேசும் புள்ளிக்குத் தேவையான ஒரு கட்டத்தை எடுப்பேன், முழுப் பக்கத்தை எடுக்கமாட்டேன். கீழே படைப்பாளியின் பெயரும் முதலில் வந்த இதழும் உரிமையாளரின் பெயரும் வரும். பழைய பிரிட்டிஷ் வார இதழ்கள் பலவற்றின் உரிமை 2016லும் 2018லும் இரண்டு கட்டங்களாக ரெபெலியன் நிறுவனத்துக்குப் போனது. இரும்புக்கை மாயாவியின் மூலத்தை அவர்கள் 2021இல் நூலாகக் கொண்டுவந்தபோது எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போட்டார்கள். கிட்டத்தட்ட 60 ஆண்டுக்குப் பிறகு பேர் விழுந்தது.

தமிழ்ப் பதிப்புகளில் உழைத்தவர்களுக்கும் அது விழ வேண்டும். மொழிபெயர்த்த கருணையானந்தம் போன்ற சிலரை அன்பர்கள் அறிவார்கள். ஆங்கில எழுத்தை அழித்துவிட்டுப் பலூனுக்குள் தமிழை அடக்கியவர்கள், அட்டையை மறுபடி வரைந்தவர்கள், அச்சுக்கட்டை செய்தவர்கள் பலரின் பெயர் எங்கும் இல்லை.

நம் நாட்டிலேயே பிறந்த படக்கதை மரபையும் இதோடு சேர்த்தே எழுதுகிறேன். சிங்களத்தில் ஜி.எஸ். பெர்னாண்டோவின் ‘நீலா’ 1951இல் லங்காதீபவில் தொடராக வந்தது. கமிலஸ் பெரேராவின் கஜமன் அரை நூற்றாண்டாகச் சிரிக்க வைக்கிறார். தமிழில், கரவெட்டி தந்த சி. சிவஞானசுந்தரம், எல்லோருக்கும் சுந்தர், ‘சவாரித் தம்பர்’ முதலான பாத்திரங்களை வரைந்து, ‘சிரித்திரன்’ இதழை நடத்தி, 1996இல் மறைந்தார். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிமப் பணியால் சிரித்திரன் இதழ்களை இன்று யாரும் புரட்டிப் பார்க்கலாம். மலையகத்திலும் முன்னோடிகள் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தார். சாரல்நாடன் மலையக எழுத்தின் வரலாற்றை எழுதினார். யாரும் மதிக்காததை மதித்துச் சேர்த்தவர்கள் அவர்கள். படக்கதை விஷயத்தில் அந்த வேலை பாதிகூட நடக்கவில்லை. எங்கள் லயத்தை, பீலிக்கரையை, கொழுந்து மலையை முழுநீளப் படக்கதையாக வரைந்த நூல் ஒன்று இன்னும் என் மேசைக்கு வரவில்லை. அதை வரையப்போகும் பிள்ளைக்குத் தனக்கு முன்னால் யார் யார் வரைந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். என் நூல்களை நான் அந்தப் பிள்ளைக்காகவே எழுதுகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ பழைய காமிக்ஸ் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். இதழின் எண், விலை, கடை முத்திரை, உள்ளட்டையில் யாராவது எழுதிய பெயர், தோட்டத்தின் பெயர் இவற்றை ஒரு கொப்பியில் அப்படியே எழுதி வையுங்கள். அட்டை இல்லையென்றாலும் பரவாயில்லை. அப்பாவோ மாமாவோ அத்தையோ உயிரோடு இருந்தால் அந்தப் புத்தகம் எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே அதற்குக் கீழே எழுதுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.